வால்யூமைக் குறைச்சுட்டுப் பேசுங்க

துடியலூரில் மெயின் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் சண்முகப்பிரியாவின் வீடு இருக்கிறது. முன்னறையில் தையல் மிஷின்கள், சமையலறையில் மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், எல்லாம் உண்டு. டிவி மட்டும் கிடையாது. வாடகைக்கு இருப்பவர்கள்கூடச் சுவரை அடைக்கிற டிவி வைத்திருக்கும் அந்தச் சந்தில், சொந்த வீட்டுக்காரியான அவள் இருபத்தைந்து வருடமாக அந்தச் சாமானை வாசல்படி ஏற விடவில்லை. கேட்டவர்களிடம் கண்ணுக்கு ஆகாது என்று சொல்லிவைத்திருந்தாள். பச்சைப் பொய். அவளுடைய அப்பா குமாரசாமிக்கு டிவி என்றால் உயிர். அதனால்தான் வாங்கவில்லை.

கல்நெஞ்சுக்காரி என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அப்பாவுக்கு மூன்று வேளையும் சூடாகச் சோறு போட்டாள். கண்புரை எடுக்க அழைத்துப் போனாள். காது மந்தமானதும் மிஷின் வாங்கிக் கொடுத்தாள், அவர்தான் காது அரிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். மற்ற எல்லாவற்றிலும் நல்ல மகள்தான். ஆனால் அவள் மனசுக்குள் இரண்டு பேருக்குத் தண்டனை விதித்திருந்தாள். அப்பாவுடையது வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. இன்னொருவன் மட்டும் கைக்கு எட்டாமல், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, ஊர் ஊராக மைக் பிடித்துத் திரிந்தான். அவன் பெயர் அருள்குமார்.

கதை தொண்ணூற்றொன்பதில் ஆரம்பிக்கிறது. கணபதியில் மோட்டார் பம்பு உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றின் மாடியில் சாய்குமார் என்பவர் உள்ளூர் கேபிள் சேனல் தொடங்கினார். மில் நடத்துகிற குடும்பம். அவருக்கு மட்டும் நூலைவிடப் பாட்டில்தான் ருசி. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, திரையில் ஊட்டி மலைப் படமாக மாறிவிடுகிற ஒரு நீலத்துணியைப் பின்னால் கட்டியதும் ஸ்டுடியோ தயார். தினமும் சாயங்காலம் நேயர்கள் போன் போட்டுச் சினிமாப் பாட்டுக் கேட்கிற நிகழ்ச்சி. அதற்கு வந்த முதல் தொகுப்பாளினி, பி.காம். முடித்த கையோடு வேலை தேடிக்கொண்டிருந்த சண்முகப்பிரியா. திரையில் வெறும் பிரியா.

அங்கே சில கட்டுப்பாடுகள் உண்டு. நீல நிறத்தில் எதையும் உடுத்தக் கூடாது. மறந்துபோய் நீல ரவிக்கையில் உட்கார்ந்த அன்று, அவளுடைய தலையும் கைகளும் மட்டும் ஊட்டி மலைக்கு நடுவில் மிதந்ததைக் கோயமுத்தூரே பார்த்துச் சிரித்தது. செருப்பைக் கீழே மாடிப்படியிலேயே கழற்றிவிட வேண்டும். தூசி பட்டால் கேமராவுக்கு ஆகாது என்பார் சாய்குமார். பெண் பிள்ளை என்பதால் கேமராவை இடுப்புக்குக் கீழே இறக்கவும் மாட்டார்கள். ஊருக்குத் தெரிந்த பிரியாவுக்குக் கால் என்பதே கிடையாது.

பக்கத்து அறையில் அருள்குமார் இருந்தான். அவளைவிட நாலைந்து வயது மூத்தவன். வருகிற போனை எடுத்து, பேரும் ஊரும் விசாரித்து, கேட்கிற பாட்டு கையில் இல்லையென்றால் இருக்கிற பாட்டைக் கேட்கச் சொல்லிக் கெஞ்சி, அப்புறம்தான் இந்தப் பக்கம் தள்ளிவிடுவான். மழை பெய்து லைன் செத்துப்போனால் அவனே நேயராகிவிடுவான். கருமத்தம்பட்டித் தறிக்காரர் சுப்பையன் என்று ஒருவர் வாரம் தவறாமல் பேசுவாரே, அந்தச் சுப்பையனே அருள்குமார்தான். பேனாவால் டம்ளரைத் தட்டித் தறிச் சத்தம் கொடுப்பான். சுப்பையனின் இல்லாத மகள் பெரியவளானதாக அவன் ஒருநாள் வாய் தவறி உளறிவைக்க, யாரோ ஒரு புண்ணியவதி சேனல் முகவரிக்குப் பட்டுப்பாவாடை அனுப்பிவைத்தாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரியாவும்தான் சிரித்தாள். அப்போது அவனை அருளண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள்.

நிஜ நேயருக்கும் பக்கத்து அறை நேயருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். நிஜமாகப் போன் செய்கிறவர் தன் குரல் டிவியில் வருவதைக் கேட்கத்தானே போன் செய்கிறார். டிவியை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். அந்தச் சத்தம் போன் வழியாகத் திரும்பி வந்து ஊளையிடும். அதனால் வணக்கம் சொன்ன கையோடு பிரியா எல்லோரிடமும், டிவி வால்யூமைக் குறைச்சுட்டுப் பேசுங்க என்பாள். தெருவில் போனால் சின்னப் பிள்ளைகள்கூட அதைத்தான் சொல்லி அவளைக் கிண்டல் செய்வார்கள். பக்கத்து அறையில் டிவி கிடையாது. அங்கிருந்து பேசுகிற குரலிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் ஒருநாளும் வந்ததில்லை.

அருள்குமாருக்குக் கேமரா முன்னால் உட்கார ஆசை. ஆசை தப்பில்லை. ஆனால் சாய்குமார் ஒவ்வொரு தடவையும், உன்ற கொரல் போதுமப்பா என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வருடம் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சியையும் பிரியாவுக்கே கொடுத்தார். அதே மாதம் அவளுக்குக் கோபிச்செட்டிபாளையத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. வாழைத் தோட்டக்காரர் வீட்டுப் பையன், பெயர் ஈஸ்வரமூர்த்தி. பெண் பார்க்க வந்தபோது, கல்யாணம்வரைக்கும் நிகழ்ச்சியை விட்டுவிட வேண்டாம், எங்கள் வீட்டில் எல்லோரும் பார்க்கிறோம் என்று அவன் சொன்னான். அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. அவனை நினைத்துக்கொண்டேதான் அந்த நாட்களில் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த போனில் ஓர் ஆண் குரல். இளசான, கொஞ்சுகிற குரல். பேரும் ஊரும் கேட்டாள்.

"பேரெல்லாம் எதுக்குங் பிரியா. போன ஞாயித்துக்கெழம வ.உ.சி. பூங்காவுல பேசிட்டிருந்தமே, இந்த வாரமும் அதே எடத்துக்கு வந்துருங்க. செருப்பு வார் அறுந்து ஊக்குக் குத்திட்டு நடந்தீங்களே, புதுசு வாங்கி வெச்சிருக்கேன்."

நேரலை. ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. பூங்காவுக்குப் பிரியா போகவே இல்லை. ஆனால் செருப்பு வார் அறுந்ததும், அதில் ஊக்கு குத்தியிருந்ததும் நிஜம். வெலவெலத்துப்போன அந்த நேரத்திலும் அவள் காது ஒன்றைக் கவனித்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் டிவி சத்தம் இல்லை. ஊளை இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. அந்த ஊக்கை, அவள் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிப் போடுகிறபோது பார்க்கக்கூடியவர்கள் யார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

நிகழ்ச்சி முடிந்து பக்கத்து அறைக்கு ஓடினாள். ஆயிரம் பேர் பேசுகிறார்கள், யாரென்று எனக்கு எப்படித் தெரியும் என்று அருள்குமார் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் இன்றுவரை மறக்கவில்லை. சாய்குமாரிடம் போய் அழுதாள். அவருக்கும் சந்தேகம் இருந்தது. இருந்தும், பக்கத்து ரூமிலிருந்து பேசுகிறோம் என்று வெளியே தெரிந்தால் சேனலை மூட வேண்டியதுதான், பத்துப் பேர் பிழைப்பு அம்மணி என்று கையெடுத்துக் கும்பிட்டார். பத்துப் பேர் பிழைப்புக்கு ஒருத்தியின் பேரைப் பலி கொடுத்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது கேபிள் வயர் இரண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குமாரசாமி கையில் இன்னும் கட்டிங் பிளேயர் இருந்தது. டிவியில் கால் தெரியாத பெண்ணின் செருப்பைப் பற்றி ஒருவன் பேசுகிறான் என்றால் நேரில் பார்த்தவனாகத்தானே இருக்க வேண்டும். அதிலும் அந்த ஊக்கைக் குத்திக் கொடுத்தவரே அவர்தான். அவள் பக்கத்து அறை விஷயத்தை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். பின்னால் டிவி சத்தம் இல்லை, அதனால் அது உள்ளேயிருந்து வந்த போன் என்று அழுதுகொண்டே விளக்கினாள். அவர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அப்ப இத்தன நாளும் ஊரைத்தான் ஏமாத்திட்டிருந்தியா? ஊரை ஏமாத்தறவ என்னைய ஏமாத்த மாட்டியா?"

கோபியிலிருந்து இரண்டே நாளில் ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் நீலத்துணிக்கு முன்னால் அருள்குமார் உட்கார்ந்திருந்ததாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் அவள் வாழ்க்கை ஊரில் எத்தனையோ பெண்களுடையதைப் போலத்தான் போனது. ஒரு நூல் கம்பெனி ஆபீஸில் கொஞ்ச காலம் இருந்தாள், பிறகு பிளவுஸ் தைக்க ஆரம்பித்தாள், கைராசி என்று பேர் எடுத்தாள். வந்த வரன்களைத் தட்டிக்கழித்தாள். எவன் வந்தாலும் என்றாவது ஒருநாள் பூங்காவைப் பற்றிக் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். அம்மா காளியாத்தாள் அந்த வருத்தத்திலேயே போய்ச் சேர்ந்தாள். ஊர் மறந்துவிட்டது. குமாரசாமியும் மறந்துவிட்டவர் போல ஒருநாள், ஒரு சின்ன டிவியாவது வாங்கலாமா கண்ணு என்று கேட்டார்.

"கண்ணாலத்தை நிறுத்துன சாமானம் இந்த ஊட்டுக்கு வேண்டாங்கப்பா," என்றாள்.

அதற்கப்புறம் அவர் கிரிக்கெட் என்றால் டீக்கடை வாசலில் நின்று பார்ப்பார். முழங்கால் போனபிறகு அதுவும் நின்றது. கட்டிலில் உட்கார்ந்து, பழைய டிவி இருந்த இடத்தில் சுண்ணாம்பு வேறு நிறமாக இருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கிறபோதெல்லாம் பிரியாவுக்கு உள்ளுக்குள் நிறைவாக இருக்கும். பாவம் என்று ஒரு நிமிஷம்கூட அவள் நினைத்ததில்லை.

அருள்குமார் சென்னைச் சேனல்களில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, பெரிய இடத்துக் கல்யாணங்களில் மைக் பிடிக்கிறவனாகியிருந்தான். போதாதற்கு யூடியூபில் பழைய நினைவுகள் என்று கதை விடுகிறான். போன வருடம், அவளிடம் தையல் வேலை செய்கிற கிருபா தன் செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதில் அருள்குமார், அந்தக் காலத்தில் போன் செய்த நேயர்களில் பாதிப் பேர் நான்தான், பக்கத்து ரூமிலிருந்து பேசுவேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தான். கருமத்தம்பட்டிச் சுப்பையன் குரலில் பேசியும் காட்டினான். லட்சம் பேர் பார்த்துச் சிரித்திருந்தார்கள்.

பிரியா ஊசியைக் கீழே வைத்தாள். எந்த ரகசியத்தைக் காப்பாற்ற அவள் வாயை அடைத்தார்களோ, அதை அவனே சந்தையில் கொட்டிவிட்டான். இனி ஒரே ஒரு படிதான் பாக்கி. அந்தப் படியிலும் அவன் தானாகக் கால் வைக்க வேண்டும்.

அதற்கேற்றாற்போல சாய்குமாரிடமிருந்து போன் வந்தது. சேனல் ஆரம்பித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது, அவினாசி ரோட்டு மண்டபத்தில் விழா, யூடியூபில் நேரலை, பழையபடி போன் நிகழ்ச்சியும் உண்டு, அருள்குமார்தான் நடத்துகிறான், முதல் தொகுப்பாளினியும் மேடையில் அவன்கூட இருந்தே ஆக வேண்டும் என்றார். குரலில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருந்தது. வாரேனுங்க சாயண்ணா என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் அவள் வீட்டு வாசலில் டிவி வந்து இறங்கியது. குமாரசாமி அட்டைப் பெட்டியைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது அவருக்கு.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் மட்டும் நான் போட்டு உடறதைப் பாருங்க. மத்த நாளெல்லாம் உங்க இஷ்டமுங்கப்பா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் முட்டை அட்டையும் நீலத்துணியும் வைத்து அதே ஸ்டுடியோவைக் கட்டியிருந்தார்கள். பிரியா கருநீலப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். பார்த்ததும் பழைய ஆட்கள் சிரித்துக் கை தட்டினார்கள். காலில் புதுச் செருப்பு. மேடைப்படியில் அதைக் கழற்றவில்லை.

முதல் போன் சரவணம்பட்டியிலிருந்து ஒரு பெண்மணி. நேரலையை டிவியில் பார்த்தபடியே பேசினாள். மண்டபத்தில் பேசுவது இணையத்தில் போய்ச் சேர அரை நிமிஷம் ஆவதால், எப்போதோ பேசியது அந்தம்மா வீட்டிலிருந்து சாவகாசமாகத் திரும்பி வந்தது. அருள்குமார் கண்ணைச் சிமிட்டி, டிவி வால்யூமைக் குறைச்சுட்டுப் பேசுங்க என்றான். மண்டபமே அதிர்ந்தது. அவளுடைய வாக்கியத்துக்கு அவன் கைதட்டல் வாங்கிக்கொண்டான். அதற்கும் சேர்த்துத்தான் அவள் சிரித்தாள்.

பிறகு அவனைப் பேச வைத்தாள். பேச வைப்பதுதானே அவள் தொழிலாக இருந்தது. சுப்பையன் வந்தார், டம்ளர் தட்டல் வந்தது, காலேஜ் பெண் குரல் வந்தது, பொக்கை வாய் வாத்தியார் வந்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் மனம்விட்டுச் சிரித்தாள். அவன் வேர்க்க விறுவிறுக்க உச்சத்தில் இருந்தபோது, சாதாரணமாகச் சொன்னாள்.

"எல்லாம் சரிங்கண்ணா. ஆனா ஒருத்தரை மட்டும் உங்களால தொட முடியாது. பூங்காவுக்குக் கூப்புட்டாரே ஒரு பையன். அது நெசமான நேயருங்க. அந்தளவுக்கு உங்களுக்குப் பேச வராது."

முன்வரிசையில் சாய்குமார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அருள்குமார் ஒரு கணம் தயங்கினான். அந்தத் தயக்கத்தில் அவன் தப்பித்திருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்கக் குரலை விற்றுப் பிழைத்தவனிடம், உனக்கு அது வராது என்று சொன்னால் என்ன ஆகும்? அதிலும் எதிரில் சிரித்துக்கொண்டிருப்பவள் எல்லாவற்றையும் மறந்து, பழைய தங்கச்சியாகத் தெரிகிறபோது? மைக்கை வாய்க்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினான்.

"பேரெல்லாம் எதுக்குங் பிரியா," என்றது அந்தக் குரல். இளசாக, கொஞ்சலாக, இருபத்தைந்து வருடம் கெடாமல். "செருப்பு வார் அறுந்து ஊக்குக் குத்திட்டு நடந்தீங்களே, புதுசு வாங்கி வெச்சிருக்கேன்."

மண்டபம் கை தட்டியது. பிரியா தட்டவில்லை. தட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தாள். அப்புறம் அவன் பக்கம் திரும்பாமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள். அன்று பேசிய எல்லோரிடமும் வால்யூமைக் குறைக்கச் சொன்னதாகவும், இந்தக் குரலிடம் மட்டும் சொல்லவில்லை என்றும், குறைப்பதற்கு அங்கே டிவியே இல்லை என்றும் சொன்னாள். மாடிப்படியில் கிடந்த செருப்பைப் பற்றிச் சொன்னாள். கோபியில் நின்றுபோன கல்யாணத்தைச் சொன்னாள். பூங்காவுக்கு அவள் போனதே இல்லை என்பதைச் சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. தொகுப்பாளினிக் குரலிலேயே, பாட்டுக்கு முன்னால் படத்தின் பேரைச் சொல்வது போலச் சொல்லி முடித்தாள்.

அருள்குமாரின் முகத்தில் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைக் கழற்ற அவனுக்குத் தெரியவில்லை. அப்போது மேடைமேல் இருந்த போன் அடித்தது. பிரியா எடுத்து, வணக்கம், யார் பேசறீங்க என்றாள்.

"துடியலூர்ல இருந்து குமாரசாமி பேசறேன்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. அப்பா கேட்க வேண்டும் என்றுதான் டிவி வாங்கி வைத்தாள். திரையில் ஓடிய நம்பரைப் பார்த்து அவர் போன் செய்வார் என்று நினைக்கவில்லை. அவருக்குப் பின்னால் டிவி முழுச் சத்தத்தில் அலறிக்கொண்டிருந்தது.

"கண்ணு, அந்தாளு பக்கத்துலதான் இருக்காரா? அவரு வாயாலயே சொல்லச் சொல்லு சாமி. நான் கேக்கோணும்."

பிரியா மைக்கை அருள்குமாரிடம் நீட்டினாள். அவன் சாய்குமாரைப் பார்த்தான். சாய்குமார் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தைப் பார்த்தான். நூறு செல்போன்கள் அவனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. வேறு வழியில்லை.

"நான்தானுங்கய்யா அன்னைக்குப் பேசினது," என்றான், முதல் தடவையாக யாருடைய குரலிலும் இல்லாமல் தன் சொந்தக் குரலில். "உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க. பொறாமையில அப்படிச் செஞ்சுபோட்டேன்."

அந்தப் பக்கம் கிழவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதும், மூச்சு உடைவதும் ஸ்பீக்கரில் கேட்டது. பிரியா ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவர் வயரை வெட்டிய சாயங்காலத்தில் அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவர் அழட்டும் என்று விட்டாள்.

அரை நிமிஷம் ஆகியிருக்கும். துடியலூர் வீட்டு டிவியிலிருந்து அருள்குமாரின் குரல் புறப்பட்டு, போன் வழியாக மண்டபத்துக்கே திரும்பி வந்தது. நான்தானுங்கய்யா அன்னைக்குப் பேசினது என்று முன்னைவிடப் பெரிதாக, கூரையில் மோதிக் கேட்டது. அவன் பதறிப்போனான். பழக்க தோஷத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அய்யா, டிவி வால்யூமைக் கொறைச்சுட்டுப் பேசுங்க என்றான்.

பிரியா அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"கொறைக்காதீங்கப்பா," என்றாள். "இன்னும் ஏத்தி வையுங்க. சந்து பூராவும் கேக்கட்டும்."